குழிகளின் ஆழம்: வயநாட்டுப் பொன் தேடிய கதை

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூரைக் கடந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர் என்று போகும் மலைச்சாலையின் இரு பக்கமும் இன்று கண்ணில் படுவது தேயிலை. அந்தத் தேயிலைச் சரிவுகளிலும் இடையிடையே மிஞ்சிய காட்டிலும் ஏராளமான பழைய குழிகள் புதர் மூடிக் கிடக்கின்றன. சில, மேலாகக் கீறிய பள்ளங்கள். சில, கிணறுபோல் நேராக இறங்குபவை. சில, சரிவின் பக்கவாட்டில் நுழையும் குகைகள். எல்லாம் பொன்னுக்காகத் தோண்டியவை. 1879-இல் தொடங்கி மூன்றாண்டுக் காலம் இந்தக் குழிகளை நம்பி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கப்பட்டன. அவற்றின் பெயரளவு மூலதனம் 40 லட்சம் பவுண்டைத் தாண்டியது. 1882 முடிவதற்குள் அந்தப் பணத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பந்தலூரில் எழுந்த பங்களாக்கள் பாழாயின. மேலே ஏற்றிய இயந்திரங்கள் துருப்பிடித்தன. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறார்கள்: பேராசை, மோசடி. இரண்டும் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த விளக்கம் போதாது என்பது என் வாதம். அங்கே நேர்ந்தது முதலில் ஒரு வாசிப்புப் பிழை. அந்த மலையை நூற்றாண்டுக் கணக்கில் சோதித்து முடித்தவர்கள் தங்கள் முடிவைக் குழிகளாக விட்டுப்போயிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் குழிகள் எத்தனை என்று எண்ணினார்கள். ஏன் அந்த ஆழத்தோடு நின்றன என்ற கேள்வியைக் கேட்டவுடனேயே, தங்களுக்குச் சாதகமான பதிலைச் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

மலையின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். தென்கிழக்கு வயநாடு என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டுதான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரியும் நிலம் அது. மேற்கே நாடுகாணிக்கு அப்பால் சட்டென்று நிலம்பூர்ப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று முதலில் முட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. பாறை மிகப் பழையது: நைஸ் பாறையும் சிஸ்ட் பாறையும் கலந்து மடிந்த நிலம். அவற்றின் பிளவுகளில் வெண்ணிறக் கோடுகளாக ஓடுவது குவார்ட்ஸ், நம் கிராமங்களில் வெங்கச்சங்கல் என்கிறார்களே, அதேதான். பூமியின் ஆழத்திலிருந்து சூடான நீர்மங்கள் பிளவுகளின் வழியாக ஏறியபோது சிலிக்காவோடு சிறிது பொன்னையும் கொண்டுவந்து படியவைத்தன. பொன்னில் ஒரு பங்கு தனி மணிகளாகவும் இன்னொரு பங்கு பைரைட் என்ற கந்தக இரும்புக் கனிமத்துக்குள் சிக்கியும் இருக்கிறது.

இதற்குப் பிறகு மழை செய்த வேலைதான் இந்த வரலாற்றுக்கு முக்கியம். பல லட்சம் ஆண்டுகளாகப் பெய்யும் மழையில் மேற்பாறை மக்கிச் செம்மண்ணாகவும் செம்புரைக்கல்லாகவும் மாறுகிறது. கரையக்கூடியது கரைந்து போகிறது. பைரைட் சிதைந்து துருவாகிறது. அதற்குள் சிறைப்பட்டிருந்த பொன் வெளியே வருகிறது. பொன் துருப்பிடிக்காது, எடையும் அதிகம். ஆகவே சுற்றியுள்ளது போகப் போக அது மிஞ்சி நிற்கிறது. மக்கும் மண்ணின் அமிலங்களில் பொன்னும் மிகச் சிறிதளவு கரைந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி படிகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலம்பூர்ச் செம்புரைக்கல்லில் எடுத்த பொன்மணிகளை ஆராய்ந்தபோது அவற்றில் வெள்ளிக் கலப்பு ஏறக்குறைய இல்லாமல், மிகத் தூய பொன்னாக இருந்தது தெரியவந்தது. பாறையிலிருந்து நேராக உதிர்ந்த பொன் பொதுவாக அவ்வளவு தூய்மையாக இராது. ஆக, மேல்மட்டத்தில் காணும் பொன் மழை சேர்த்துவைத்த சேமிப்பு. அது அடியிலுள்ள பாறையின் செல்வத்துக்குச் சான்று ஆகாது. பல அடி உயரப் பாறை கரைந்து போனதன் மிச்சம் அது. மேலே பத்துப் பங்கு தெரிந்தால் கீழே ஒரு பங்குதான் இருக்கும் என்ற நிலை இங்கே இயல்பாகவே ஏற்படும். இந்த மலை யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அதன் முகத்தைப் பார்த்து உள்ளத்தைக் கணித்தவர்கள் ஏமாந்து போக எல்லா ஏதுவும் அங்கே இருந்தது.

அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்தவர்கள் வெள்ளைக்காரர்களுக்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தார்கள். நிலம்பூர்க் கோவிலகக் குடும்பத்தைப் போன்ற ஜன்மிகள், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்கள், நிலத்துக்கும் காட்டுக்கும் ஆற்று மணலுக்கும் உரிமை கொண்டாடினார்கள். பழங்குடிகளான பணியரும் குறும்பரும் பொன் அரித்தார்கள். அரிப்பு என்பது மழைக்காலத்தை ஒட்டிய தொழில். ஓடைப் படுகையிலிருந்தும் சரிவிலிருந்தும் அள்ளிய மண்ணை, நடுவில் குழிந்த மரத்தட்டில் போட்டு, ஓடும் நீரில் அமிழ்த்திச் சுழற்றுவார்கள். களிமண் கலங்கி ஓடும். கூழாங்கல்லைக் கையால் பொறுக்கி எறிவார்கள். கடைசியில் தட்டின் குழியில் கரிய இரும்பு மணல் ஒரு பிறைக்கீற்றாகத் தங்கும். தட்டை மெல்லச் சாய்த்து ஒரு கை நீரை அதன்மேல் ஓடவிட்டால், கருப்பு முன்னே நகர, பின்னால் மஞ்சள் புள்ளிகள் தங்கி நிற்கும். ஒரு தட்டு மண்ணுக்கு ஒன்றோ இரண்டோ புள்ளி. சில தட்டுகளில் ஒன்றும் இராது. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களுக்கு எந்த ஓடை கொடுக்கும், எந்தச் சரிவு கொடுக்காது என்பது ஊர் வழி தெரிவதுபோலத் தெரிந்திருக்கும். ஓடையில் பொன் நின்றுபோகும் இடத்திலிருந்து சரிவில் ஏறி, அது உதிர்ந்த வெங்கச்சங்கல் கோட்டைக் கண்டுபிடித்து, அங்கே குழி வெட்டியிருக்கிறார்கள். இன்றைய நிலவியலாளர் கனிமத்தைத் தேடும் முறையும் இதுவே: கீழே மணலைச் சோதி, மேலே ஊற்றைத் தேடு.

1830-களின் தொடக்கத்தில், மலபார் கலெக்டராக இருந்த ஷெஃபீல்டு இந்தப் பொன்னைப் பற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசுக்கு எழுதினார். நிக்கல்சன் என்ற லெப்டினன்ட் தேடலுக்கு அனுப்பப்பட்டார். மலைக்காய்ச்சலும் சொற்ப விளைச்சலும்தான் மிஞ்சின. ஐரோப்பியர் முதலீட்டுக்கு இது ஏற்றதல்ல என்று அரசு கைவிட்டது. இந்த முதல் தீர்ப்பு பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் அதைக் கருவியில்லாத காலத்தின் அவசர முடிவு என்று ஒதுக்கினார்கள். இடையில் காப்பி வந்தது. 1860-களில் தண்டுத் துளைப்பான் பூச்சியும் 1870-களில் இலைத்துரு நோயும் தாக்கி வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் நொடித்தன; பார்வை மீண்டும் பொன் பக்கம் திரும்பியது. ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் பழகிய ஒருவர் 1860-களின் நடுவிலேயே இங்கே வந்து பாறைகளைச் சோதித்திருந்தார். 1874-இல் ஆல்ஃபா என்ற கம்பெனி தேவாலாப் பக்கத்தில் வேலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் இந்தப் பகுதியைச் சுற்றி முதல் அறிக்கையை வெளியிட்டார். பொன் இருக்கிறது, முயன்று பார்க்கலாம் என்பதுதான் அதன் சாரம். நிதானமான அந்த வரியைப் பின்னால் பலர் தங்களுக்கு வேண்டியபடி நீட்டிக்கொண்டார்கள்.

வந்தவர்களில் மிகவும் கவனிக்கத்தக்கவர் ராபர்ட் பிரோ ஸ்மித். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்தவர். அங்குள்ள பொன்வயல்களைப் பற்றி 1869-இல் பெரிய நூல் எழுதியவர். அங்குள்ள பழங்குடிகளைப் பற்றி இரண்டு தொகுதிகள் தொகுத்து 1878-இல் வெளியிட்டவர். 1879-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, குன்று குன்றாக ஏறி, வெங்கச்சங்கல் கோடுகளை வரைபடத்தில் குறித்து, மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 1880-இல் அறிக்கை கொடுத்தார். அவருடைய நம்பிக்கைதான் லண்டன் சந்தைக்குத் தீ மூட்டியது. இவரை மோசடிக்காரர் என்று எழுதிவிடுவது எளிது. அவர் ஏன் அப்படி நம்பினார் என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய நிலவியல் விவாதத்துக்குள் போக வேண்டும். பிரிட்டனின் பெரும் நிலவியலாளர் ராடரிக் மர்ச்சிசன் பொன்னைப் பற்றி ஒரு விதி சொல்லியிருந்தார்: பொன் கோடுகள் மேலே செழித்து, ஆழம் போகப் போக வறண்டுவிடும். விக்டோரியாவில் பல்லாரட்டும் பெண்டிகோவும் அந்த விதியைப் பொய்யாக்கின. நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழேயும் பொன் கிடைத்துக்கொண்டே இருந்தது. மர்ச்சிசனை நம்பி நின்றவர்கள் நட்டப்பட்டார்கள். நம்பாமல் தோண்டியவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். பிரோ ஸ்மித் அந்த வெற்றியின் நடுவே வேலை பார்த்தவர். ஆழத்தைப் பற்றிய அவநம்பிக்கை என்பது அவர் கண்ணெதிரே தோற்றுப்போன கொள்கை. வயநாட்டுக்கு அவர் கொண்டுவந்தது அந்தப் பாடம். ஒரு நாட்டில் உண்மையாக இருந்த பாடம் இன்னொரு நாட்டின் பாறைக்குப் பொருந்துமா என்பதைச் சோதிக்க ஒரே வழி ஆழத்தில் இறங்கிப் பார்ப்பது. அதற்குள் பங்குகள் விற்றுத் தீர்ந்துவிட்டன.

அவரும் அவருக்கு முன்பு வந்தவர்களும் பழைய குழிகளைக் கவனமாகவே பதிவு செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோடு வெளியே தெரியும் இடத்தைக் கல்லுடைப்பதுபோல் உடைத்தெடுத்த பள்ளங்கள், நேர்க்குத்துக் குழிகள், சரிவில் படுக்கையாகச் செல்லும் சுரங்கங்கள், குழியும் சுரங்கமும் கீழே சந்திக்கும் அமைப்புகள் என்று நான்கு வகை. நேர்க்குத்துக் குழிகளில் சில எழுபதடி அளவுக்கு, பக்கச்சுவர்கள் தூக்குநூல் பிடித்ததுபோலச் செங்குத்தாக, கெட்டிப் பாறைக்குள்ளேயே இறங்கின. வெடிமருந்து இல்லாமல் இரும்பு உளியால் இதைச் செய்தவர்களின் கைத்திறனை அந்த வெள்ளைக்காரர்களே வியந்திருக்கிறார்கள். வியந்தவர்கள் அதிலிருந்து எடுத்த முடிவுதான் விந்தையானது. இத்தனை பாடுபட்டுத் தோண்டியிருக்கிறார்கள் என்றால் இங்கே மிகுந்த பொன் இருந்திருக்க வேண்டும். பாதியில் விட்டதற்குக் காரணம் அவர்களிடம் வெடியும் பம்பும் இல்லாதது. நம்மிடம் அவை இருக்கின்றன. அன்றைய அறிக்கைகளிலும் பங்கு விளம்பரங்களிலும் திரும்பத் திரும்ப ஓடும் தர்க்கம் இது. தோண்டியது அறிவுக்குச் சான்று, நிறுத்தியது அறியாமைக்குச் சான்று. ஒரே ஆள் செய்த ஒரே வேலையை இப்படி இரண்டாக வெட்டிப் படிக்க எந்த நியாயமும் இல்லை.

நிலத்தடி நீர்தான் அவர்களைத் தடுத்தது என்ற வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வெறும் சாக்கு அல்ல. சமவெளிச் சுரங்கங்களில் பழங்காலத்தார் உண்மையிலேயே நீரிடம் தோற்றிருக்கிறார்கள். ஆனால் தேவாலா சமவெளி அல்ல. மலைச்சரிவில் தோண்டும் குழிக்குக் கீழிருந்து படுக்கையாக ஒரு சுரங்கம் குடைந்துவிட்டால் நீர் தானாக வடிந்துவிடும். இந்த உபாயம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. குழியும் சுரங்கமும் சந்திக்கும் பழைய அமைப்புகள் அங்கேயே இருக்கின்றன. வேண்டுமென்றால் இன்னும் கீழே போயிருக்க முடியும். கருவி போதவில்லை என்பதற்கும் தென்னிந்தியாவிலேயே பதில் இருக்கிறது. ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் பழங்காலத்தார் நெருப்பும் உளியும் கொண்டு 600 அடிக்கும் கீழே போயிருக்கிறார்கள். கோலாரின் சாம்பியன் கோட்டில் பழைய வேலைகள் 200 அடிக்கும் கீழே இறங்கியிருந்தன. அந்த ஊர்களிலும் வெடிமருந்தோ நீராவிப் பம்போ கிடையாது. பாறை கூலி கொடுத்த இடத்தில் அவர்கள் இறங்கிக்கொண்டே போனார்கள். கொடுக்காத இடத்தில் நின்றார்கள். வயநாட்டுக் குழிகளின் எழுபதடியை ஹட்டியின் அறுநூறு அடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது ஓர் அளவீடு என்பது தெரியும். செம்புரைக்கல்லும் மக்கிய பாறையும் முடிந்து, பொன் பைரைட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் கெட்டிப் பாறை தொடங்கியபின், தட்டில் தங்கும் புள்ளிகள் குறைந்தன. குறைந்த இடத்தில் ஆட்கள் மேலே ஏறிவிட்டார்கள்.

கோலாரைச் சொன்னதும் அதையே திருப்பி எனக்கு எதிராகக் காட்டலாம். அங்கேயும் 1880-இல் தொடங்கிய கம்பெனிகள் இரண்டு மூன்று ஆண்டு வெறுங்கையோடு நின்றன. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நடத்திய மைசூர்ச் சுரங்கம் மூடும் நிலைக்கு வந்தது. மேலாளர் பிளம்மர் விடாமல் இறங்கியதால்தான் சாம்பியன் கோடு அகப்பட்டது. வயநாட்டிலும் கொஞ்சம் பொறுத்திருந்தால்? இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பிளம்மர் எங்கே இறங்கினார் என்று பார்க்க வேண்டும். அதிக ஆழமாகத் தோண்டப்பட்டிருந்த பழைய குழிகளுக்கு நேர் கீழே இறங்கினார். பழைய ஆட்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதை அவர் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார். கோலாரின் வெற்றி என் வாதத்தை முறிப்பதற்குப் பதில் அதற்கு வலுச் சேர்க்கிறது: அங்கே குழியின் ஆழம் கேட்கப்பட்டது. பாறையும் வேறு. கோலாரில் கரும்பச்சை ஹார்ன்ப்ளெண்டு சிஸ்ட் பாறை நீண்ட பட்டையாக ஓட, அதற்குள் சாம்பியன் கோடு மைல் கணக்கில் தொடர்ந்து சென்றது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் அதைப் பின்தொடர்ந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்படும்வரை தங்கவயல் என்ற ஊரையே அந்த ஒரு கோடு தாங்கியது. வயநாட்டின் கோடுகள் ஓரிடத்தில் தடித்து, சில அடியில் மெலிந்து, காணாமல் போய், வேறெங்கோ மீண்டும் முளைப்பவை.

1880-களின் தொழில்நுட்பத்தைப் பற்றிய எதிர்வாதம் இதைவிட வலுவானது. அன்று பாறையை இரும்புத் தலையுள்ள இடிப்பு ஆலையில் பொடியாக்கி, நீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிடுவார்கள். தனி மணியாக இருக்கும் பொன் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். பைரைட்டுக்குள் இருக்கும் பொன் தகட்டைத் தொடாமலே நீரோடு போய்விடும். ஆகவே ஆலைகள் கொடுத்த சொற்ப விளைச்சல் பாறையின் வறுமையா, முறையின் குறையா என்று ஒருவர் கேட்கலாம். 1887-இல் ஸ்காட்லாந்தில் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடில் பொன்னைக் கரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களைக் காப்பாற்றியது. வயநாட்டு முயற்சி அதற்கு ஐந்தாண்டு முன்பே செத்துவிட்டது. வெறும் ஐந்தாண்டு! இந்த வாதம் அந்தக் காலத்திலேயே எழுந்தது. அதைச் சோதித்தும் பார்த்தார்கள். புவியியல் ஆய்வுத் துறையின் ஹேடனும், தென்னாப்பிரிக்கப் பொன்வயல்களை நேரில் அறிந்த சுரங்க நிபுணர் ஹேட்சும் வயநாட்டை மறுபடி ஆராய்ந்து 1901-இல் அறிக்கை வெளியிட்டார்கள். சயனைடின் வலிமை தெரிந்த காலத்தில், பாறையிலுள்ள முழுப் பொன்னையும் கணக்கிடும் சோதனைகளின் அடிப்படையில் எழுதப்பட்டது அது. முடிவு மாறவில்லை: லாபமாகத் தோண்டும் அளவுக்குப் பொன் இல்லை. துறையின் வெளியீட்டுத் தொடரில் ஒரே தொகுதியின் முதல் பகுதி கோலாரைப் பற்றியது, இரண்டாம் பகுதி வயநாட்டைப் பற்றியது. இரண்டிலும் ஹேட்சின் கை உண்டு. ஒரே மனிதர், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரு வயலை ஆமென்றும் மற்றதை இல்லையென்றும் சொன்னார். தொழில்நுட்பம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தது.

மோசடியின் பங்கை நான் குறைத்துச் சொல்வதாகத் தோன்றலாம். நோயில் நொடித்த காப்பித் தோட்டத்தைப் பொன்னிலமாக்கி லண்டன் கம்பெனிக்குப் பெருவிலைக்கு விற்றவர்கள் உண்டு. திரட்டிய மூலதனத்தில் பெரும்பங்கு மலைக்கு வந்து சேராமலே நிலம் விற்றவர்கள் பைக்கும் தரகர்கள் பைக்கும் போனது. ஆனால் மோசடி நடக்க நம்பத்தகுந்த எண்கள் வேண்டும், அந்த எண்களை மலையே கொடுத்தது. எப்படி என்பதை ஒரு சின்னக் கணக்கால் பார்த்துவிடலாம். ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பொன்மணி, குண்டூசித் தலையைவிடச் சிறியது, சுமார் 10 மில்லிகிராம் எடை இருக்கும். சோதனைக்கு உடைத்த ஒரு கிலோ பாறையில் அந்த ஒரு மணி அகப்பட்டால், அறிக்கை டன்னுக்கு 10 கிராம் என்று சொல்லும். அன்றைய அளவில் ஆறு பென்னிவெயிட்டுக்கு மேல், யாரையும் ஈர்க்கும் எண். அதே மணி பக்கத்துக் கிலோவில் விழுந்திருந்தால் முதல் கிலோவின் கணக்கு ஏறக்குறைய பூஜ்யம். இரண்டு எண்ணும் பொய்யல்ல. இரண்டும் அந்தப் பாறையின் நிலையைச் சொல்லவும் இல்லை. தனி மணிப் பொன் உள்ள பாறையில் சில கிலோ மாதிரிகளை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் இதுதான் நேரும். அதிலும் மஞ்சள் தெரியும் கல்லைத்தான் கை முதலில் எடுக்கும். நாணயமான கையும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான டன் பாறை ஆலைக்குள் போனபோது இந்தத் தற்செயல்கள் ஒன்றையொன்று சரிக்கட்டின. டன்னுக்குச் சில பென்னிவெயிட் என்ற உண்மைச் சராசரி வெளியே வந்தது. ஒரு பென்னிவெயிட் பொன்னுக்கு அன்று சுமார் 4 ஷில்லிங். அந்தப் பணத்தில் ஒரு டன் பாறையை வெட்டி, ஏற்றி, இடித்து, ஐரோப்பிய மேலாளருக்குச் சம்பளமும் கொடுத்து, லண்டனில் அலுவலகமும் நடத்த முடியாது.

தட்டில் அரித்தவர்கள் இந்தச் சராசரியை எப்படி அறிந்திருந்தார்கள்? ஒருவர் இருவர் அல்ல, தலைமுறைகள் சேர்ந்து அரித்த லட்சக்கணக்கான தட்டுகள்தான் அவர்களுடைய மாதிரி. எந்தப் புவியியல் துறையும் அத்தனை மாதிரிகளை எடுத்ததில்லை. இங்கே ஒரு சங்கடமான எதிர்வாதத்தையும் எதிர்கொள்ள வேண்டும். பணியரும் குறும்பரும் தங்கள் விருப்பத்துக்கு வேலை செய்தவர்கள் அல்ல. பணியர் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தார்கள். எங்கே தோண்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்தது ஜன்மி. அப்படியிருக்க, குழியின் ஆழத்தை அவர்களுடைய அறிவுக்குச் சான்றாகக் காட்டலாமா? அவர்களை நான் கற்பனையான சுதந்திர நிலவியலாளர்களாக ஆக்கவில்லை. அவர்கள் பட்ட கொடுமையை மறைத்துவிட்டு அறிவை மட்டும் புகழ்வது அநியாயம். ஆனால் அந்தக் கொடுமையே என் வாதத்தின் இன்னொரு தூணாகவும் நிற்கிறது. கூலி என்று பெரிதாக எதுவும் கொடுக்காத ஓர் ஏற்பாட்டில், ஆட்களை இன்னும் ஆழத்துக்கு இறக்க ஜன்மிக்குச் செலவு மிகக் குறைவு. உயிருக்கும் அவன் பெரிய விலை வைக்கவில்லை. அப்படிப்பட்டவனே எழுபதடியில் நிறுத்தினான் என்றால் அதற்குக் கீழே அவனுக்கும் கட்டுப்படியாகவில்லை. கொத்தடிமை உழைப்புக்கே கொடுக்காத பாறை, சம்பளமும் நிலக்கரியும் கப்பல் கட்டணமும் கொடுத்து ஒருவன் இறங்கினால் கொடுக்குமா? பாறையில் பொன் இருப்பது ஒன்று, அதைப் பொன்தாது என்று சொல்வது வேறு. எடுக்கும் செலவைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் பாறைக்குத்தான் தாது என்ற பெயர். ஜன்மியின் கணக்கில் அந்த மேற்செம்மண் தாதுவாக இருந்தது. லண்டன் கணக்கில் அது ஒருபோதும் தாது ஆகவில்லை. பந்தலூர்ப் பக்கத்துப் பொன்னானி, கூடலூர்ப் பக்கத்துப் பொன்னூர் என்ற ஊர்ப்பெயர்களைக் காட்டி அங்கே பொன் கொழித்தது என்று இன்றும் சொல்கிறார்கள். பெயர் எதுவும் டன்னுக்கு எத்தனை கிராம் என்று சொல்வதில்லை.

பொன் விலை ஏறிய இந்தக் காலத்தில் பழைய கணக்கு மாறாதா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. உலகில் டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம் உள்ள பாறையைக்கூட இன்று லாபமாகத் தோண்டுகிறார்கள். ஆனால் அவை ஒரு மலையையே வெட்டி எடுக்கக்கூடிய அளவுக்குப் பொன் பரவிக் கிடக்கும் இடங்கள். வயநாட்டுக் கோடு சில அடி அகலம். அதற்காகச் சுற்றியுள்ள பொன்னில்லாத பாறை முழுவதையும் அகற்ற வேண்டும். தனி ஆளின் கணக்கு வேறு. தேவாலாப் பக்கத்தில் பழைய சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி இறங்கித் தோண்டி, பாதரசத்தில் சேர்த்துச் சில குண்டுமணிப் பொன் எடுப்பவர்கள் இன்றும் உண்டு. மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு. வேலையற்ற ஒரு மனிதனின் அன்றாடக் கூலிக்கு அந்த மலை இன்னும் ஏதோ கொடுக்கிறது. ஒரு கம்பெனிக்கு அது கொடுத்ததே இல்லை.

மிச்சக் கதை நிலத்தைப் பற்றியது. பொன்னுக்காக வாங்கப்பட்ட தோட்டங்களில் பின்னால் தேயிலை வந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களைக் குடியேற்ற அரசு நட்ட தேயிலையும் இதே கூடலூர், பந்தலூர் பக்கத்துச் சரிவுகளில்தான் வளர்ந்தது. ஜன்மிகளின் நிலங்களை, அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலங்களாக்க 1969-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதன் வழக்குகள் பல பத்தாண்டுகள் ஓடின. கூடலூர்க் காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் உச்ச நீதிமன்றம் சென்றவர் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு. ஒரு காலத்தில் அந்தச் சரிவுகளில் ஆட்களை வைத்துப் பொன் அரித்த குடும்பத்தின் வழிவந்தவர் அவர். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி பிறந்த உத்தரவின்படி, காடு என்ற சொல்லுக்கு உரிய எந்த நிலத்திலும், அது யார் பெயரில் இருந்தாலும், மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் சுரங்கம் தோண்டக்கூடாது. புதர் மூடிய அந்தக் குழிகளில் பலவும் அந்தச் சொல்லுக்குள்தான் இப்போது இருக்கின்றன.